விலக்கப்பட்டவர் விட்டுச் சென்ற குளங்கள்

அவரை விலக்குவது என்று முடிவெடுக்க எங்களுக்கு ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. அவர் எழுதி வைத்திருந்தவற்றை என்ன செய்வது என்று முடிவெடுக்க ஐந்து மாதங்கள் ஆயின.

தாமிரபரணிப் பாசனத்தின் எட்டு அணைக்கட்டுகளையும், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களையும், அந்தக் கால்வாய்கள் நிரப்பும் குளங்களையும் ஒவ்வொன்றாக நேரில் பார்த்து, படமெடுத்து, வரைபடத்தில் குறித்து, யாவரும் படிக்கவும் திருத்தவும் கூடிய பக்கங்களாக இணையத்தில் எழுதி வைக்கும் சிறு குழு ஒன்றில் நான் இருக்கிறேன். நூலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் வீட்டோடு இருந்த என்னை இதில் இழுத்துவிட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். குழுவில் ஒருபோதும் இருபது பேருக்கு மேல் இருந்ததில்லை. அந்த இருபது பேரில் ஒருவர் மட்டும், மற்ற எல்லோரும் சேர்ந்து எழுதியதற்கு ஏறத்தாழச் சமமாக எழுதினார். கோடகன் கால்வாயின் குளங்களில் பெரும்பாலானவற்றுக்கு எங்களிடம் பக்கம் இருந்தது என்றால், அதற்கு அவருடைய பழைய மோட்டார் சைக்கிளும், ஊர்ப் பெரியவர்களிடம் மணிக்கணக்காக உட்கார்ந்து கேட்கும் அவருடைய பொறுமையுமே காரணம். எந்த மடை எந்த வயற்காட்டுக்குப் பாய்கிறது, எந்தக் குளத்தின் மறுகால், அதாவது குளம் நிறைந்தபின் மிகுநீர் வழிந்தோடும் வழி, எந்தக் குளத்தில் போய் விழுகிறது என்பதையெல்லாம் எழுத்தில் கொண்டுவந்தவர் அவர்.

2023 அக்டோபரில், குழுவிலிருந்த இரண்டு பெண்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமலேயே, ஒரே மாதிரியான புகாரோடு வந்தார்கள். அவர் அவர்களுக்குத் தனிச்செய்தியாக அனுப்பியவற்றை இங்கே விவரிக்க மாட்டேன். அதே வாரத்தில், தாம் எடுத்தவை என்று அவர் ஏற்றியிருந்த படங்களில் சில பிறருடையவை என்பதும் தெரிய வந்தது. விலக்குவதற்கு முதல் குற்றமே போதும்; இரண்டாவது குற்றம் எங்கள் வேலையைக் கூட்டியது. அவருடைய கணக்கு அன்றிரவே முடக்கப்பட்டது.

மறுநாள் விடிந்ததிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. அவர் தொட்ட பக்கம் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்றார்கள் மாணவர்களில் பெரும்பாலோர். அணைக்கட்டுகளைப் பற்றி எழுதிவந்த ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர், மனிதர் செய்த குற்றத்துக்கு மறுகால் ஓடை என்ன செய்யும், ஓர் எழுத்தைக்கூடத் தொடக் கூடாது என்றார். இரண்டுக்கும் நடுவே, பக்கங்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டு ‘குழுவினர்’ என்று போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கேட்டவுடன் எனக்கு அது பிடித்திருந்தது. யாருக்கும் வலிக்காத வழி என்று தோன்றியது. யோசிக்க யோசிக்க, மூன்றிலும் மோசமானது அதுதான் என்று தெளிந்தது.

எங்கள் பக்கங்கள் படைப்பாக்கப் பொதும உரிமத்தின் கீழ் வெளியாகின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் என்று பலரும் அறிந்த அந்த உரிமத்தின் 4.0 பதிப்பில், பெயர் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் உள்ள வகை அது. எவரும் எடுத்தாளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் பகிர்ந்தால் போதும். கொடுத்தவர் இந்த உரிமத்தைப் பிறகு திரும்பப் பெற முடியாது. அதைப் போலவே, எடுத்தாள்பவரும் பெயரைத் தம் வசதிப்படி விழுங்கிவிட முடியாது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், பதிப்புரிமையையே ஒருவர் விற்றுவிட்ட பின்பும் ‘இதை ஆக்கியவன் நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவரிடமே இருக்கும் என்று 57ஆம் பிரிவில் சொல்கிறது. தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அரசு அகற்றிச் சிதைய விட்ட வழக்கில், 2005இல் தில்லி உயர்நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கொண்டுதான் சிற்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. அந்த நிலைமைக்கும் எங்கள் நிலைமைக்கும் தூரம் அதிகம் என்பது தெரியும். ஆனாலும், ஒருவரை வெளியேற்றிவிட்டால் அவர் ஆக்கத்துக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு தானாக அறுந்துவிடுவதில்லை என்பதை அந்த வழக்கு எனக்கு உணர்த்தியது. பிறர் படத்தைத் தம்முடையது என்று போட்டுக்கொண்டவரை வெளியேற்றிவிட்டு, அவர் எழுத்தை எங்களுடையது என்று போட்டுக்கொண்டால், அதற்கு என்ன பெயர் வைப்பது?

பெயரை அழிப்பதைப் பற்றி இந்தச் சீமைக்காரர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1801இல் இரண்டாம் பாளையக்காரர் போர் முடிந்தபின், கிழக்கிந்தியக் கும்பினியார் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்து, அந்த மண்ணை உழுது, ஆமணக்கு விதைத்து, ஊரின் பெயரையே பதிவேடுகளிலிருந்து நீக்கினார்கள். பதிவேட்டில் இல்லாமற்போன பெயரை நாட்டுப்புறக் கதைப் பாடல்கள் கொண்டுபோயின. 1974இல் தமிழ்நாடு அரசு அங்கே நினைவுக் கோட்டையை எழுப்பியது. கட்டபொம்மன் பரம்பரையை நாங்கள் விலக்கிய ஆளோடு ஒப்பிடுவதாக எவரும் கொள்ள வேண்டாம். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நான் சொல்ல வந்தது பதிவேட்டைப் பற்றி மட்டுமே. இன்னது எழுதப்பட்டது, இன்னார் எழுதினார், இன்ன நாளில் நீக்கப்பட்டது என்ற குறிப்பையும் சேர்த்து நீக்கினால், பின்னால் வருகிறவர் நாங்கள் செய்தது சரியா தவறா என்று பார்க்கவே வழியிராது.

பெரிய குழுமங்கள் இதை எப்படிக் கையாளுகின்றன என்று தேடிப் படித்தேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் வழிமுறை தெளிவாக இருக்கிறது. தடை விதிக்கப்பட்ட பின், தடையை மீறி வேறு பெயரில் நுழைந்து ஒருவர் உருவாக்கும் பக்கங்களை, பிறர் அவற்றில் கணிசமாகப் பங்களித்திராவிட்டால், விவாதமின்றி நீக்கலாம். அவர் செய்யும் திருத்தங்களையும் எவரும் காரணம் சொல்லாமல் மாற்றியமைக்கலாம். ஆனால் மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. எழுத்துப் பிழையைத் திருத்தியிருந்தால் அது அப்படியே நிற்கலாம், நீக்கியதை ஒருவர் மீண்டும் சேர்த்தால் அதன் உள்ளடக்கத்துக்கு அவரே பொறுப்பேற்கிறார். முக்கியமானது, இந்த விதி தடைக்குப் பிந்தியவற்றுக்கே பொருந்தும் என்பது. தடைக்கு முன், நல்ல நிலையில் இருந்தபோது எழுதியவை அந்த ஒரே காரணத்துக்காக நீக்கப்படுவதில்லை. முன்னதற்கும் பின்னதற்கும் இடையே இப்படி ஒரு கோடு போட வேண்டும் என்று எங்கள் விவாதத்தில் எவருக்கும் தோன்றவேயில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இத்தகைய பொது விவாதங்கள் நடக்கும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தவர் பஞ்சாயத்தை அறிந்தவர்.

நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், கணக்கை மூடிவிட்டுப் போனவர்களின் பெயர் வெறும் எண்ணாக மாறுகிறது, விடைகள் அப்படியே நிற்கின்றன. யூடியூபில் நேர்மாறு: தொண்ணூறு நாட்களுக்குள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கைகள் சேர்ந்தால் சேனலே முடிக்கப்படலாம், முடிக்கப்பட்டால் குற்றமற்ற காணொலிகளும் சேர்ந்தே போகும். இந்த வேறுபாடு அறம் பற்றியது என்று முதலில் நினைத்தேன். உண்மையில் அது நெசவு பற்றியது. ஒரு சேனல் என்பது ஒருவர் கட்டிய தனி வீடு. இடித்தால் பக்கத்து வீட்டுச் சுவர் விழாது. பலர் கூடி எழுதும் பக்கமோ பத்தமடைப் பாய் போன்றது. ஒரு நிறக் கோரையை மட்டும் உருவினால் மிச்சம் கையோடு வந்துவிடும். எங்கள் பக்கங்களில் அவர் தொடங்கி மற்றவர்கள் முடித்தவையும் உண்டு, மற்றவர்கள் தொடங்கி அவர் நடுவில் இரண்டு பத்தி சேர்த்தவையும் உண்டு. எல்லாவற்றையும் அழிப்போம் என்று முதல் நாள் சொன்ன மாணவி, தான் ஆறு மாதம் உழைத்த நயினார்குளம் பக்கத்திலும் அவருடைய பத்திகள் இருப்பதைக் கண்ட பிறகு, அந்த வாதத்தை மெல்லக் கைவிட்டாள்.

எந்தக் குற்றத்துக்காக விலக்கினோம் என்பதைப் பொறுத்து அவர் எழுத்தைப் பார்க்கும் பார்வையும் மாற வேண்டும் என்பதே, இவ்வளவு குழப்பத்தில் நான் முதலில் உறுதியாகப் பற்றிக்கொண்டது. ஒருவர் பெண்களிடம் முறைகேடாக நடந்தார் என்பதால் அவர் அளந்து எழுதிய கரையின் நீளம் பொய்யாகிவிடாது. ஆனால் ஒருவர் பிறர் படத்தைத் திருடினார் என்று தெரிந்துவிட்டால், அவர் ஏற்றிய ஒவ்வொரு படமும், ஒவ்வொரு பத்தியும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது. முதல் குற்றத்தில் எழுத்தை நம்பிக்கொண்டு தொடங்கலாம். இரண்டாவதில் நம்பாமல்தான் தொடங்க வேண்டும். எங்கள் துரதிருஷ்டம், இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன.

ஆகவே அவர் எழுதிய எல்லாவற்றையும் சரிபார்ப்பது என்று ஆயிற்று. படக் கோப்புகளுக்குள் பதிந்திருக்கும் நாள், கேமரா விவரங்களை எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு படத்தையும் தேடுபொறியில் போட்டு, வேறெங்காவது முன்பே வந்திருக்கிறதா என்று பார்த்தோம். ஐயம் தீராத படங்களை நீக்கினோம். எழுத்தைச் சரிபார்ப்பது அவ்வளவு எளிதாக இல்லை. நடை வேறுபட்டிருந்த பத்திகளைத் துருவியபோது, அவற்றில் சில எச்.ஆர். பேட் தொகுத்து 1917இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்டக் கெசட்டியரிலிருந்து அப்படியே மொழிபெயர்க்கப்பட்டவை என்று தெரிந்தது. அரசு வெளியீடுகளுக்கு இங்கே பதிப்புரிமை வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள்தான். ஆகவே சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் எங்கிருந்து எடுத்தார் என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. பதிப்புரிமை மீறல் வேறு, எடுத்த இடத்தை மறைப்பது வேறு என்பதை மாணவர்களுக்கு விளக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதலாவதற்கு மருந்து நீக்குவது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பே போதும்.

இந்த வேலையின்போது எனக்கு இந்த ஊரின் இரண்டு பெரியவர்களே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தார்கள். கம்பன் பாடல்களில், தம் செவிக்கும் உள்ளத்துக்கும் கம்பனுடையவையாகப் படாதவற்றை ஆயிரக்கணக்கில் இடைச்செருகல் என்று ஒதுக்கியவர் ரசிகமணி டி.கே.சி. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு, சான்றில்லாமல் ஒரு சொல்லையும் தள்ளவோ கொள்ளவோ கூடாது என்று நின்றவர், தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப் பிள்ளை. ஒரு பத்தியைப் படித்தவுடனேயே ‘இது அவர் எழுதியதல்ல, எங்கிருந்தோ எடுத்தது’ என்று எனக்குத் தோன்றிய இடங்களில் நான் டி.கே.சி.யாக இருந்தேன்; பல இடங்களில் சரியாகவும் இருந்தேன். ஆனால் ஒருமுறை, இவ்வளவு அழகான வாக்கியம் அவருடையதாக இருக்க முடியாது என்று எண்ணி நான் நீக்கக் குறித்துவைத்த பத்தி, ஓர் ஊர்ப் பெரியவர் சொல்லச் சொல்ல அவர் எழுதியது என்று பதிவு செய்த ஒலிக்கோப்போடு நிரூபணமானது. வெறுப்பும் ஒருவகை ரசனைதான். அதை வைத்து இடைச்செருகல் கண்டுபிடிக்கக் கூடாது என்று அதன்பின் வையாபுரிப் பிள்ளையின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

சிறிய மொழிக் குழுமங்களுக்கும் சிறிய ஊர்க் குழுமங்களுக்கும் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2020 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவின் பக்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, அந்த மொழி தெரியாத அமெரிக்க இளைஞன் ஒருவன் சிறு வயதிலிருந்தே எழுதிவந்தது வெளியே தெரிந்தது. அவன் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. தடை செய்யப்பட வேண்டிய குற்றமும் அதுவல்ல. எனினும் கேள்வி ஒன்றுதான்: ஒரே கையின் எழுத்து இவ்வளவு பெரிய பங்காக இருக்கும்போது, அதை எடுத்தால் மிஞ்சுவது என்ன, வைத்தால் நம்பத்தக்கது என்ன? ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போனால் அதே பொருளைப் பற்றி நூறு இடங்களில் படிக்கலாம். சேரன்மகாதேவிக்கு அப்பால் உள்ள ஒரு சிறு குளத்தின் மறுகாலைப் பற்றி எழுதப்பட்ட ஒரே பக்கம் போனால், அது போனதுதான்.

எவரும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டம் 2012இல் செய்ததையும் கவனித்தேன். உரிமத்தை மாற்றியபோது, புதிய உரிமத்தை ஏற்காதவர்களும் பதில் அனுப்பாதவர்களும் வரைந்திருந்தவற்றை அந்த ஆண்டு ஜூலையில் தானியங்கி நிரல் ஒன்றை ஓடவிட்டு நீக்கினார்கள். வரைபடத்தில் சாலைகள் காணாமற்போயின. பழைய வரைபடத்தைப் பார்த்து வரையாமல், மீண்டும் இறங்கி நடந்து அளந்து வரைந்தார்கள். இது தண்டனையாகச் செய்யப்பட்டதன்று, உரிமத்துக்காகச் செய்யப்பட்டது; ஆனால் நீக்கியபின் மீண்டும் நடப்பதற்கு ஆட்கள் இருந்தார்கள் என்பதே அதில் நான் கண்ட செய்தி. எங்களிடம் கால்கள் மொத்தம் நாற்பதுகூட இல்லை. அவற்றில் பொறியாளருடைய இரண்டுக்கும் என்னுடைய இரண்டுக்கும் மூட்டு வலி.

முடிவெடுக்கும் வரை அவர் தொடங்கிய பக்கங்கள் எல்லாவற்றையும் பொதுப் பார்வையிலிருந்து மறைத்து வைத்தோம். அது நிதானமான, நடுநிலையான செயல் என்று நாங்களே எங்களைப் பாராட்டிக்கொண்டோம். அப்படி மறைத்து வைத்திருந்தபோதுதான் டிசம்பர் 17, 18 நாட்களின் பெருமழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், தாமிரபரணி கரை கொள்ளாமல் போனது, குளங்கள் உடைந்தன. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லாத அந்த நாட்களில் எங்கள் பக்கங்களை யார் பார்த்திருக்கப் போகிறார்கள்? கேள்வி வந்தது அதற்குப் பிறகு, ஜனவரியில். மறுகால் ஓடை ஆக்கிரமிக்கப்பட்டதால்தான் தங்கள் குளம் உடைந்தது என்று மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுக்கத் தயாரான ஓர் ஊரின் விவசாயி, பழைய ஓடை எந்த வழியாகப் போயிற்று என்று எங்கள் பக்கத்தில் முன்பு படித்ததாகவும், இப்போது அந்தப் பக்கத்தைக் காணவில்லை என்றும் தொலைபேசியில் சொன்னார். எழுதியவரை நாங்கள் விலக்கிவிட்டோம், அதனால் மறைத்து வைத்திருக்கிறோம் என்று நான் விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அய்யா, அந்த விவரத்தைச் சொன்னது எங்க அப்பா. அவர ஏன் விலக்குனீங்க?” என்று கேட்டார்.

அந்தப் பக்கத்தை அன்று மாலையே திறந்துவிட்டேன், குழுவிடம் கேட்காமலேயே. அதற்காகப் பின்னர் கண்டிக்கவும் பட்டேன். அந்தக் கண்டிப்பு நியாயமானதுதான்.

இத்தனைக்கும் பிறகுதான், முதலில் கேட்டிருக்க வேண்டியவர்களிடம் கேட்டோம். புகார் கொடுத்த இரண்டு பெண்களில் ஒருவர் இனி எதையும் பேச விரும்பவில்லை என்றார். அதை மதித்து விட்டுவிட்டோம். மற்றவர் அம்பாசமுத்திரத்துப் பக்கம். அவரிடம் நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, “பக்கம் இருந்துட்டுப் போட்டும் அண்ணாச்சி. அது என்ன அவரு வெட்டுன குளமா? எங்க ஊர்க் குளம்லா!” என்றார். பிறகு அவர் சொன்னதை என் நடையில் எழுதுகிறேன்: தன் ஊர்க் குளத்தைப் பற்றிப் படிக்கத் திறந்தால், அதன் கரையில் அந்த ஆள் கைகட்டி நின்று சிரிக்கும் படம் இருக்கிறது, குழுவின் முகப்பில் ‘மூத்த பங்களிப்பாளர்’ என்ற பட்டத்தோடு அவர் பெயர் இருக்கிறது, உரையாடல் பக்கங்களில் தன்னைக் குத்திக்காட்டி, வெளியாளுக்குப் புரியாத வகையில், அவர் எழுதிய கேலிகள் இருக்கின்றன, இவை இருக்கும்வரை தான் இங்கே எழுத வரப்போவதில்லை. நாங்கள் மூன்று மாதமாக மறுகாலைப் பற்றியும் உரிமத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். உண்மையில் வலியைக் கொடுத்துக்கொண்டிருந்தவற்றை ஒருவரும் தொடவே இல்லை.

எழுத்துக்கும் சிறப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் நான் இந்த அனுபவத்தில் முழுதாகக் கற்றேன் என்று சொல்ல வேண்டும். பக்கத்தை யார், எப்போது திருத்தினார் என்று காட்டும் தொகுப்பு வரலாற்றில் எழுதியவர் பெயர் இருப்பது கணக்கு; முகப்பில் இருப்பது மரியாதை. கணக்கை அழிக்க எங்களுக்கு உரிமையில்லை, மரியாதையைத் தொடர்ந்து கொடுக்க எங்களுக்குக் கடமையில்லை. படம், பட்டம், அவரைப் பற்றிய அறிமுகப் பக்கம், ஆண்டு விழாப் பதிவில் அவரைப் புகழ்ந்து நானே எழுதிய இரண்டு பத்திகள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே இரவில் எடுத்தோம். உரையாடல் பக்கங்களில் இருந்த கேலிகளை, இந்த இடத்தில் ஒரு கருத்து நீக்கப்பட்டது என்ற குறிப்போடு நீக்கினோம். குளத்தைப் பற்றிய பத்திகள் நின்றன.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், இதை எழுதியவர் விலக்கப்பட்டவர் என்று எச்சரிக்கை போட வேண்டும் என்று ஒருவர் கேட்டார். நான் எதிர்த்தேன். அது படிக்கிறவருக்கு எந்த விவரத்தையும் தராது; ஊர் முச்சந்தியில் ஒருவரைக் கட்டிவைத்த கதையாகத்தான் முடியும். அதைவிட, அந்தப் பெண்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆவலை வெளியாட்களிடம் தூண்டிவிடும். கடைசியில், இப்பக்கத்தின் விவரங்கள் இன்ன மாதத்தில் களத்தில் சரிபார்க்கப்பட்டன என்றோ, இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்றோ ஒரு வரி மட்டும் போடுவது என்று முடிவாயிற்று. படிக்கிறவருக்கு வேண்டியது அதுதான்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் எழுதிவிட வேண்டும். விலக்கிய அன்றிரவு, அந்தப் பெண்களின் மனம் மேலும் புண்படக் கூடாது என்று எண்ணி, அவருடைய தனிச்செய்திகள் இருந்த பெட்டியை நானே எங்கள் வழங்கியிலிருந்து (சர்வர்) அழித்துவிட்டேன். நல்லெண்ணத்தோடு செய்தது, ஆனால் நல்லெண்ணம் மட்டுமே இருந்தது. பின்னர் அவர்களில் ஒருவர் காவல்துறையில் புகார் கொடுக்க எண்ணியபோது, அவர் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த திரைப்பிடிப்புகளைத் தவிர வேறு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. மின்னணுப் பதிவைச் சான்றாகக் கொடுக்க, அது இருந்த கணினியைப் பற்றிய சான்றிதழ் வேண்டும் என்று அன்றைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவும் அதையே கேட்கிறது. மூலத்தை அழித்துவிட்ட நான் எதற்குச் சான்றிதழ் கொடுப்பது? 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், சட்டவிரோதமானது என்று அகற்றப்படும் உள்ளடக்கத்தைக்கூடப் புலனாய்வுக்காக 180 நாட்கள் பாதுகாத்து வைக்குமாறு பிறர் பதிவுகளைத் தாங்கும் இடைநிலை நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த விதியில் இருக்கும் அறிவு எங்களுக்கு இருந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது ஒன்று, இல்லாமல் ஆக்குவது மற்றொன்று. குளங்களின் பக்கங்களை மறைத்தே வைத்துக்கொண்டு, செய்திகளை அழித்துவிட்டேன். இரண்டையும் தலைகீழாகச் செய்திருக்கிறேன்.

பிப்ரவரியில் அவரிடமிருந்தே கடிதம் வந்தது. என்னை விலக்கிவிட்டீர்கள், ஆகவே என் எழுத்தையும் திருப்பிக் கொடுங்கள், ஒரு வரிகூட அங்கே இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். கோபத்தில் எழுதியது என்றாலும் அதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது; விருந்தினரை வெளியே அனுப்பிவிட்டு அவர் கொண்டுவந்த சீரை வைத்துக்கொள்வது போன்ற கூச்சம் அது. உரிமம் திரும்பப் பெற முடியாதது என்பதை விளக்கினேன். அவர் தம் தகப்பனாரின் வயலைப் பற்றி, குளத்தோடு தொடர்பில்லாமல், சொந்த அனுபவமாக எழுதியிருந்த கட்டுரைகளை நாங்களாகவே எடுத்துவிடுகிறோம் என்றும், அவற்றை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறோம் என்றும் சொன்னேன், அனுப்பியும் விட்டோம். அதோடு, அந்த உரிமத்தின் 4.0 பதிப்பு அவருக்குத் தரும் வேறோர் உரிமையையும் எடுத்துக் காட்டினேன். எழுதியவரே கேட்டுக்கொண்டால், இயன்றவரை அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. நீங்கள் விரும்பினால் தொகுப்பு வரலாற்றில் உங்கள் பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணைப் போட்டுவிடுகிறோம் என்று எழுதினேன்.

நான்கு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது. பெயர் இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்.

மார்ச்சில் எங்கள் முடிவு எழுத்தாயிற்று. அதற்குப் பின்னும் வேலை முடியவில்லை. களத்தில் சரிபார்க்க வேண்டிய குளங்கள் இன்னும் கையளவு மிச்சமிருக்கின்றன. போன சனிக்கிழமை அவற்றில் ஒன்றுக்குப் போனேன். பேருந்திலிருந்து இறங்கி, வரப்பு வழியாக அரை மணி நேரம் நடந்து, கரையேறினேன். அந்தக் குளத்தின் மறுகாலுக்கு, நீர் வெளியேறும் மூன்று கண்கள் என்று அவர் எழுதியிருந்தார். நான் எண்ணியபோது நான்கு இருந்தன. பிடித்துவிட்டேன் என்று ஒரு நொடி மகிழ்ந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டபோது, கடைசிக் கண் வெகு காலமாக மண் மூடிக் கிடந்தது என்றும், அந்த டிசம்பர் வெள்ளம்தான் அதைத் திறந்துவிட்டது என்றும் சொன்னார். எழுதியவர் வந்து பார்த்தபோது மூன்றுதான் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அந்த எண்ணை நான்காக மாற்றினேன். தொகுப்புச் சுருக்கத்தில், வெள்ளத்துக்குப் பின் ஒரு கண் திறந்துள்ளது, முந்தைய பதிவு அது எழுதப்பட்ட காலத்துக்குச் சரியானதே என்று குறித்தேன். வரலாற்றுப் பட்டியலில் இப்போது மேல் வரியில் என் பெயரும், அதற்கு அடுத்த வரியில் அவர் பெயரும் இருக்கின்றன.